கூடமும் கோணலாகலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. நம் மின்னணு ஆய்வகத்திலோ கூடமே கோணலாயிருக்க, ஆடுபவளைப் பழிக்கிறோம்!

ஆர்டுயினோ பலகையைக் கொண்டு டிரான்சிஸ்டர் வழியாக ஒரு சிறு மோட்டாரை ஓட்டுகிறோம். அதே பலகையால் மின்னழுத்தமும் அளக்கிறோம். முதலில் 2.5 வோல்ட் என்று சரியாகச் சொன்ன பலகை, மோட்டார் சுழன்றதும் 2.78 என்கிறது. உடனே நிரலைத் திருத்துகிறோம். நண்பனுடையதைப் பார்த்து எழுதுகிறோம். பிழை அங்கில்லை. பலகை தனக்கு ஊட்டப்படும் 5 வோல்ட்டையே அளவுகோலாகக் கொள்கிறது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தால் அது 4.5 ஆகச் சரிந்துவிட்டது. முழக்கோல் குறுகினால் துணி நீண்டதாகத்தானே தோன்றும்? மோட்டாருக்குத் தனி மின்கலம் தந்து, இரண்டின் எதிர்முனைகளையும் இணைத்தால் குறை தீரும்.

தூத்துக்குடியில் இன்னொரு பகையும் உண்டு: உப்புக்காற்று. கம்பி முனையில் பச்சைக் களிம்பேறினால் எந்த நிரலும் உதவாது.

ஆசிரியப் பெருமக்களே! ஓடும் கருவிக்கு மட்டுமே மதிப்பெண் என்பதால்தான் இரவல் நிரல் பெருகுகிறது. ஓடாத கருவியின் நோயை மல்டிமீட்டரால் அளந்து சொல்பவருக்கும் மதிப்பெண் தாருங்கள். நாளை உப்பளத்தில் நின்றுபோன பம்பு மோட்டாருக்கு வேண்டியவர் அவரே.