சமோசாதான் சாப்பாடா?

ஹவாய்ச் செருப்பு அணிந்தவனும் விமானத்தில் ஏறவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு சிம்லாவிலே பேசினார் பிரதமர் மோடி. நல்ல பேச்சு! கைதட்டினார்கள். ஏழையும் ஏறத்தான் செய்கிறான். ஏறுமுன் அவன் எதைத் தின்பது என்பதைத்தான் டில்லி மறந்துவிட்டது.

2018இல் சென்னை விமான நிலையத்தில் தேநீர் 135 ரூபாய், காபி 180 ரூபாய் என்று கேட்டுத் திடுக்கிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டதாக எழுதினார் ப. சிதம்பரம். நாட்டின் கஜானாச் சாவியை வைத்திருந்தவருக்கே இந்தக் கதி என்றால், கடன் வாங்கித் துபாய்க்குக் கூலி வேலைக்குப் போகும் தென்காசி இளைஞன் எந்தக் கடைப்பக்கம் ஒதுங்குவான்?

வெளிநாட்டு விமானமென்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வா என்கிறார்கள். அதற்காக முதல்நாளே ஊரில் பஸ் ஏறியவன் அவன். சோதனைகளைத் தாண்டி உள்ளே போனால் பீட்சா இருக்கிறது, பர்கர் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் கேக் சிரிக்கிறது. இட்லியும் இல்லாமலில்லை, விலைப் பலகையைப் பார்த்ததும் பசி பறந்துவிடுகிறது! சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கிவிட்டு, வேளை தவறாமல் உண்டாகவேண்டிய பெரியவர் என்ன செய்வார்? கட்டுச்சோறு கொண்டுபோகலாம். ஆனால் வெளிநாட்டுப் பயணியின் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தில் சாம்பார் போகாது. வெறும் இட்லியை விழுங்கவேண்டியதுதான்.

கடைக்காரரின் பேராசை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. விற்பனையில் யார் அதிகப் பங்கு தருகிறாரோ அவருக்கே கடை. அந்தப் பங்கு இட்லியின் தலையில் ஏறுகிறது. கடைகள் முதலியவற்றால் வரும் வருமானத்தில் 30 சதவிகிதத்தை மட்டும் விமானக் கட்டணக் கணக்கில் ஈடுகட்டினால் போதும் என்றது 2016ஆம் ஆண்டு விமானக் கொள்கை. மிச்சம் நிலையத்தை நடத்துபவருக்கு. வாடகை உயர உயர இலாபம் காண்பவர் விலையைக் குறைக்க முன்வருவாரா?

கூச்சல் வலுத்த பிறகு 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் மலிவு விலை உணவகம் திறந்தார்கள். தண்ணீர் 10 ரூபாய், தேநீர் 10 ரூபாய், காபி 20 ரூபாய். பாராட்டுகிறோம். நம்மவர் செய்தால்தான் நல்லது என்பது நம் வழக்கமல்ல. பத்து ரூபாய்க்குத் தேநீர் தரமுடியும் என்று இவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் அல்லவா? ஆனால் பசித்தவனுக்கு வைத்திருப்பது என்ன? 20 ரூபாய்ச் சமோசா, 20 ரூபாய் இனிப்பு! எண்ணெயில் பொரித்த மைதாவும் சர்க்கரையும்! ஆவியில் வெந்த இட்லி என்ன பாவம் செய்தது? தயிர்ச்சாதமும் வாழைப்பழமும் விமானத்துக்கு ஆகாதவையா?

சென்னையில் 2013ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க்கு இட்லி, மூன்று ரூபாய்க்குத் தயிர்ச்சாதம் என்று அம்மா உணவகம் கண்டது கழக ஆட்சி. அந்த விலைக்கே விமான நிலையத்தில் விற்கச் சொல்லவில்லை. ஊர் ஓட்டல் விலைக்கு இட்லியும், தயிர்ச்சாதமும், பழமும், சோதனையைத் தாண்டிய பகுதியிலும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கவேண்டும் என்று ஏலப் பத்திரத்தில் ஒரு ஷரத்தைச் சேருங்கள் என்கிறோம். பல கோடி ரூபாய்க்கு முனையம் கட்டுகிறவர்களுக்கு ஓர் இட்லிப் பானை வைக்கவா இடமில்லை?