ஒரே வேதம், இரண்டு தட்டு

ஐம்பது நாள் நோன்பில், திருவனந்தபுரத்துச் சீரோ மலங்கரா குடும்பங்களில் கண்டிப்பானவர்கள் இறைச்சியோடு மீன், முட்டையையும் ஒதுக்குகிறார்கள். விழிஞ்ஞம் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர்களுக்கு இறைச்சிக்குத்தான் தடை. மீனவர் மீனை விட்டால் பிழைப்பேது?

இருவருக்கும் பைபிளில் இடமுண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரம் மனிதனுக்குத் தந்தது விதையும் கனியும். 9-ஆம் அதிகாரத்தில், வெள்ளம் வடிந்தபின், நோவாவுக்கு இறைச்சியும் அனுமதி. பத்து நாள் மரக்கறி உண்டே தெம்பாக நின்ற தானியேலைச் சைவப் பிரியர்கள் மருத்துவச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அவர் அரச உணவை மறுத்தது தீட்டுக்கு அஞ்சி; உடல்நலத்துக்காக அல்ல.

உடல்நலத்துக்குச் சாட்சி வேறு: பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2015-இல்.

நோன்புக்குப் பவுல் போதும்: உண்பவரும் உண்ணாதவரும் ஒருவரையொருவர் இகழ வேண்டாம்.