சிகிச்சையோடு சீட்டும் வேண்டும்

சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் நாம் முதலில் கேட்பது ரசீது. நூல் வாங்கியது உண்மையாயிருக்கலாம். பணம் கொடுத்ததும் உண்மையாயிருக்கலாம். ஆயினும் ரசீதில்லாத செலவைத் தணிக்கை ஏற்பதில்லை. இந்நியதி சங்கத்தின் பேரேட்டிற்கு மட்டுமன்று, அங்கத்தினரின் உடலுக்கும் பொருந்துகிறது என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

நமது சரகத்து நெசவாளர் ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்து வலத் தோளில் அடிபட்டு, அருகிலுள்ள நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். எலும்பு கூடிற்று, கைக்கு வலு திரும்பவில்லை. தறியில் அமர்ந்து நாடாக் கயிற்றை இழுக்க இயலாதவராய், மனைவி நெய்யத் தாம் தார் சுற்றிக் காலம் தள்ளினார். ஐந்தாம் ஆண்டில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு மனுச் செய்தார். மருத்துவக் குழுவினர் பழைய சிகிச்சைக் காகிதங்களைக் கேட்டனர். அவரிடம் இருந்ததோ மருந்துகளின் பெயர் மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. மருத்துவமனைக்குப் போனால், "அந்த வருஷத்துப் பதிவுகள் இப்போது இல்லை" என்றார்கள். நான்கு முறை அலைந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் நஷ்டம். பின்னர் அரசு மருத்துவமனையில் நரம்புப் பரிசோதனை புதிதாகச் செய்து சான்றிதழ் பெற்றார். இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவார் எவருமில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளோர்க்கே முக்கியமான பல சலுகைகள் உரியன. சதவீதத்தைக் கணித்துச் சான்று வழங்கும் அதிகாரம் அரசு குறிப்பிட்ட மருத்துவ அதிகாரிகளுக்கே உண்டு. ஊரிலுள்ள தனியார் மருத்துவருக்கு இல்லை. "சான்று கொடுப்பது எங்கள் வேலையன்று" என்று அவர்கள் கூறுவது இதனாலேயே.

இக்கூற்று பாதி உண்மையே. குழுவினர் இன்றைய உடலைப் பார்க்கின்றனர். அது என்று, எதனால் நேர்ந்தது, என்ன சிகிச்சை நடந்தது, இனித் தேறுமா என்பவற்றை முதலில் பார்த்த மருத்துவரே அறிவார். நாளொன்றுக்கு நூறு நோயாளிகளைப் பார்ப்பவருக்கு எழுத நேரமில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நோயின் பெயர், அடிபட்ட தேதி, வலமா இடமா என்ற விவரம், செய்த அறுவை, வீடு திரும்பிய நாளின் நிலைமை ஆகிய ஐந்தையும் எழுதப் பத்து வரி போதும். அந்தப் பத்து வரியும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது நமது துணிபு.

இது தயவாகக் கேட்பதுமன்று. உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் விதிக்கின்றன. மூன்றாண்டு என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துக. நமது நெசவாளர் ஐந்தாம் ஆண்டில் போய்க் கேட்டார், வெறுங்கையோடு திரும்பினார்.

மற்றொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். "கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்" என்று மருத்துவரை நெருக்குவோரும் நம்மிடையே உளர். பொய்யாகச் சலுகை பெறுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க மேற்படி சட்டம் இடமளிக்கிறது. அதனினும் பெரிய தீங்கு, ஒருவர் கூட்டி எழுதுவிப்பதால் அடுத்து வரும் உண்மையான நோயாளியின் காகிதமும் சந்தேகத்திற்கு உள்ளாவதாகும். உள்ளதை உள்ளபடி எழுதும் மருத்துவரே நமக்கு நண்பர்.

அங்கத்தினர்கள் செய்யத் தக்கவை சில உள. மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் நாளிலேயே சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குக. எக்ஸ்ரே படத்தையும் விடற்க. பெயரும் வயதும் ஆதார் அட்டையில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்க. மனு இப்போது இணையதளம் வழியாகவே செல்லுவதால், எழுத்தறியாதார்க்குச் சங்கக் காரியதரிசி துணை நிற்றல் வேண்டும். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறலாம், மேல்முறையீடும் உண்டு.

பங்குத் தொகைக்கும் கடனுக்கும் ஏடு வைத்திருக்கும் சங்கம், அங்கத்தினர் விரும்பினால் அவருடைய மருத்துவக் காகிதங்களின் நகலுக்கும் ஓர் உறை வைத்தல் அரிதன்று. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை கொடுத்த விவசாயிக்கும், தறியில் கண் மங்கிய நெசவாளிக்கும் அவ்வுறை ஒருநாள் பயன்படும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறோம்.