நாற்காலி மாறினால் போதுமா?

என் வங்கிக் கிளைக்கு மூன்று வருசத்துக்கு ஒரு மேலாளர் வருவார். ஒருமுறை நம்மாளு வந்தார். சந்தோசப்பட்டோம். ஆனால் பேரேடும் கடன் விதியும் பழசேதான். ஜாமீன் கொடுக்கச் சொத்தில்லாத சேரிக்காரன் அவர் காலத்திலும் வெறுங்கையோடுதான் திரும்பினான்.

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிப் படிக்கும்போது இதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம், உழைக்கிற சனங்களின் பிள்ளைகளுக்கு எட்டுகிற கல்லூரி. ஓக்லண்டின் மெரிட் கல்லூரி மாணவர்கள் கறுப்பின வரலாற்றைப் பாடமாக்கச் சொல்லிப் போராடினார்கள். அங்கே படித்த ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் 1966இல் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். 1968இல் நார்வெல் ஸ்மித் மெரிட்டின் தலைவரானார். கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளில் முதல் கறுப்பினத் தலைவர் அவர். 1969இல் சிகாகோவின் கிரேன் கல்லூரி, மால்கம் எக்ஸ் கல்லூரி ஆனது. யாருடைய கருணையிலும் இது வரவில்லை. கீழேயிருந்து கேட்டதால் வந்தது.

கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே பம்பாயில் 1946இல் பாபாசாகேப் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவனும் படிக்கட்டும் என்று காலை வகுப்பு வைத்தார். கல்லூரியின் கடிகாரத்தையே நம்ம பக்கம் திருப்பினார். நிறுவன மாற்றம்னா அதுதான்.

மாணவத் தோழர்களே, நம்மாளு முதல்வரானால் மாலை போடுங்கள். மறுநாளே போய்ப் பாடத்திட்டத்தை, வகுப்பு நேரத்தை, வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நாம கேட்கலேன்னா அவரும் அந்த நாற்காலியில் தனியாளாத்தான் உட்கார்ந்திருப்பார்.