மூன்றாம் ஆட்சியாண்டு

ஜப்பானியப் பேரரசர் கோ-தாய்கோ 1339இல் யோஷினோவில் தோற்றவராகவே இறந்தார். படைத்தலைவர்களிடமிருந்து 1333இல் பறித்த ஆட்சியை மூன்றே ஆண்டில் இழந்து கியோத்தோவை விட்டு ஓடியவர். 'தைஹெய்கி' என்ற போர்க்கதை அவரைக் கைவிடவில்லை. 1911இல் பாடப்புத்தகச் சண்டையொன்று முற்றியபோது, யோஷினோவில் அவர் அமைத்த தெற்கு அரசவையே முறையானது, கியோத்தோவின் வடக்கு அரசவை அல்ல என்று தீர்மானமாயிற்று. தீர்மானித்த பேரரசர் மெய்ஜியோ அந்த வடக்கு வம்சத்தில் வந்தவர்! புகழ் என்பது செத்தவனுக்காக இருப்பவர்கள் போடும் வழக்குத்தான்.

அதே காலத்தவரான நம் கம்பளை அரசர் நான்காம் புவனேகபாகுவுக்கு அப்படி வழக்காட ஆள் அமையவில்லை. மகாவம்சத்தைத் தொடர்ந்து எழுதியவர்கள் அவரைச் சில வரிகளில் கடந்துவிட்டார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபன் பதூதா, யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியின் முத்துகளைக் கண்டு வியந்து எழுதினார். தலைநகர் என்று அவர் குறிப்பிடும் 'குனகார்' கம்பளையா குருநாகலா என்பது இன்னும் தீரவில்லை.

மிஞ்சுவது கல். உடுநுவர இலங்காதிலக விகாரையின் பாறையில், அதே 1344இல், சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் வெட்டியிருக்கிறார்கள். அரசர் பெயர் அங்கே காலம் சொல்ல வருகிறது: மூன்றாம் ஆட்சியாண்டு. விகாரையை எழுப்பியவர் அமைச்சர் சேனாலங்காதிகார. கட்டியவர் ஸ்தபதி ராயர். பக்கத்துக் கடலாதெனியாவிலும் கணேசுவராசாரி என்ற சிற்பியின் பெயர் நிற்கிறது. இலங்காதிலகத்தில் புத்தருக்கு ஒரு வாசல். அதே கட்டடத்தின் தேவாலயத்தில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தன்.

நம்மவர்கள் ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் கோட்டகமக் கல்வெட்டை மேடைதோறும் எடுத்து விடுகிறார்கள். இலங்காதிலகத்துத் தமிழுக்கு அந்த மவுசு இல்லை. அது வெற்றி பாடாமல் விகாரைக்குக் கொடுத்த நிலபுலத்தைப் பேசுகிறது. எங்களுக்கு அதுதான் பெரிய செய்தி. மெய்க்கீர்த்தியை எவரும் வாசிக்காமலே வெட்டி வைக்கலாம். காணி விவரத்தை, வாசிக்க ஆள் இல்லாத மொழியில் எவன் வெட்டுவான்? வணிகரா, படைவீரரா, கல்தச்சரா, யாரோ அந்த மலையில் தமிழ் வாசித்திருக்கிறார்கள்.

கம்பளைத் தமிழரின் கதையை ஜோர்ஜ் பேர்ட் 1820களில் சிங்காபிட்டியில் போட்ட கோப்பித் தோட்டத்தோடு தொடங்குவது வழக்கம். தோட்டத்துக்கு வந்தவர்களைப் பொறுத்தவரை அது சரிதான். அவர்களை அந்தக் கல்தச்சர்களின் பேரப்பிள்ளைகளாக்கும் ஆசை எங்களுக்கு இல்லை. அது வேறு வகைப் பொய். ஆனால் இந்த மலைகளில் தமிழின் கதைக்கு அதற்கும் ஏறத்தாழ 480 ஆண்டு முன்னே ஓர் அத்தியாயம் உண்டு. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

பாடசாலைச் சுற்றுலாவில் இலங்காதிலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே கும்பிட்டுப் படம் பிடித்தது போக, ஓர் அரை மணி நேரம் அந்தப் பாறையருகே நிறுத்துங்கள். 'க'வும் 'ர'வும் எங்கே என்று அவர்களே தேடட்டும்.