யாருக்குப் போய்ச் சேருது இந்தச் சலுகை?



கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சிக்கிட்டே படிங்க. படிச்சிட்டு கோபம் வந்தா கோவிலுக்கு வந்து நேராவே என்னைத் திட்டலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் நிப்பேன்.

போன வாரம் நம்ம கோவில் வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு நாள் ஒரே சண்டை. "எண்ணெய் 1.99 வெள்ளிக்குக் கிடைக்குது, இன்னும் என்னய்யா வேணும்"னு ஒரு கூட்டம். "அரசாங்கம் நமக்கு ஒன்னுமே செய்யல"ன்னு இன்னொரு கூட்டம். கடைசியில தலைவர் வந்து "இது பக்திக் குழு, அரசியல் வேண்டாம்"னு சொல்லிப் பூட்டிட்டாரு.

தலைவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு கேள்வி. அன்னதானத்துக்கு வெங்காயம் வாங்கும்போது விலை ஏறியிருந்தா அது அரசியலா? போன மாசம் பெரியம்மா ஒருத்தங்க அர்ச்சனைத் தட்டுல வைக்க காசு இல்லாம, கற்பூரத்தை மட்டும் வச்சிட்டு சாமியைக் கும்பிட்டுப் போனாங்களே, அது அரசியலா? இது வீட்டுச் செலவு. வீட்டுச் செலவைப் பத்தி கோவில்ல பேசாம வேற எங்க பேசுறது?

என்னைக் கேட்டா அந்த ரெண்டு கூட்டமும் தப்புதான். அரசாங்கம் கொடுக்குது. கொடுக்கலன்னு சொன்னா அது பொய். ஆனா கொடுக்குறது யாருக்குப் போய்ச் சேருதுன்னு ரெண்டு கூட்டமும் பார்க்கல.

முதல்ல எண்ணெய்க் கணக்கு. 2021 பிப்ரவரியில இருந்து ரோன் 95 லிட்டர் 2.05 வெள்ளியா இருந்துச்சு. 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டும் லைசன்ஸும் இருக்குற குடிமக்களுக்கு 1.99. அப்போ மாசம் 300 லிட்டர் வரைக்கும். மத்தவங்களுக்கு அந்த நாள் விலை 2.60. கடத்தல்காரனுக்கும் வெளிநாட்டுக்காரனுக்கும் போன மானியத்தை நிறுத்தணும்னு சொன்னாங்க. சரியான பேச்சு. நானும் கை தட்டினேன்.

அந்தக் கணக்கைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 2.60-க்கும் 1.99-க்கும் நடுவுல 61 காசு. வேலைக்குப் போக வர என் காருக்கு மாசம் 120 லிட்டர் ஆகுது. அப்போ எனக்கு 73 வெள்ளி லாபம். பெரிய கார் வச்சு மாசம் 300 லிட்டர் போட்டவருக்கு 183 வெள்ளி. மோட்டார்ல போற தம்பிக்கு 25 லிட்டர், 15 வெள்ளி. பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற பாட்டிக்கு ஒன்னும் இல்ல. யாரு அதிகமா எரிக்கிறாங்களோ அவங்களுக்கு அதிகம். இல்லாதவங்களுக்கு உதவின்னு பேரு வச்சிட்டு இருக்கிறவங்க கையில கூடக் கொடுத்தா அதை என்னன்னு சொல்றது?

அந்தப் பாட்டிக்காவது எண்ணெய் தேவை இல்ல. தேவை இருந்தும் கிடைக்காத ஒருத்தர் நம்ம கோவில்லயே இருக்காரு.

பூக்கட்டுற அண்ணனைத் தெரியாதவங்க கிடையாது. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால சொல்லல. விடியக்காலை நாலரை மணிக்கு மோட்டாரை எடுத்துக்கிட்டுப் போயி பூ வாங்கியாந்து, ஆறு மணி பூஜைக்கு மாலை கட்டிக் கொடுப்பாரு. இந்த மண்ணுல, ரப்பர் தோட்டத்து லயத்துல பொறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்ல. அப்பா அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரும் போய்ப் பதியல. அதனால இன்னைக்கு வரைக்கும் கையில சிவப்பு ஐசி. அறுபத்தெட்டு வயசு.

அக்டோபர் மொத வாரம் பெட்ரோல் ஸ்டேஷன்ல அவருக்குப் பின்னாடி நான் நின்னேன். "உங்களுக்கு இந்த விலை இல்ல அங்கிள்"னு கவுண்டர்ல இருந்த பொண்ணு மெதுவாத்தான் சொல்லுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. சட்டம் அப்படி. அண்ணன் ஒன்னும் பேசாம பையில இருந்து இன்னும் ரெண்டு நோட்டு எடுத்துக் கொடுத்தாரு. வெளியே வந்து என்கிட்ட சொன்னாரு: "விடு தம்பி. எனக்கு இது பழக்கந்தானே."

அந்த "பழக்கந்தானே" எனக்கு மூணு நாள் தூக்கத்தைக் கெடுத்துச்சு.

நமக்கெல்லாம் 2.05-ல இருந்து 1.99. லிட்டருக்கு 6 காசு குறைஞ்சுது. அவருக்கு 2.05-ல இருந்து 2.60. லிட்டருக்கு 55 காசு ஏறுச்சு. 25 லிட்டருக்கு 13 வெள்ளி 75 காசு. சின்னக் காசுன்னு நினைக்கிறீங்களா? உள்ளூர் அரிசி 10 கிலோ பை 26 வெள்ளி. மாசம் அரைப் பை அரிசி அவர் வீட்டுல இருந்து போச்சு. கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில பூக்கட்டுற மனுஷன் மாட்டியிருக்காரு. இங்கேயே பொறந்து, இங்கேயே உழைச்சு, சாகப்போறதும் இங்கேதான்ங்கிற ஆளுக்கும், நேத்து விமானத்துல வந்து இறங்கினவனுக்கும் ஒரே விலைன்னா எங்கயோ கணக்கு உதைக்குது.

அடுத்தது கரண்டு பில்.

2025 ஜூலை 1-ல இருந்து தீபகற்பத்துல புதுக் கட்டண முறை. இதுலயும் உண்மையைச் சொல்லணும். கம்மியா எரிக்கிற வீட்டுக்கு நல்லதுதான். 200 யூனிட்டுக்குள்ள இருந்தா யூனிட்டுக்கு 25 காசு கழிவு உண்டு. யூனிட் கூடக்கூட அந்தக் கழிவு குறைஞ்சுக்கிட்டே வந்து 1000-க்கு மேல இல்லாமப் போயிடும். 600 யூனிட்டைத் தாண்டினா இன்னும் மூணு விஷயம் சேர்ந்து ஏறும். 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், மாசாமாசம் மாறுற எரிபொருள் விலைச் சரிக்கட்டு, 600-க்கு மேல போன யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி. சரிக்கட்டு சில மாசம் கழிவாவும் வரும், அதையும் சொல்லிடுறேன்.

கேட்க நியாயமா இருக்கு. கூட எரிச்சா கூடக் கட்டு. ஆனா நம்ம வீடுகளைப் பாருங்க. அப்பா, அம்மா, கல்யாணமான மகன், மருமக, மூணு பேரப்பிள்ளைங்க, படுத்த படுக்கையா ஒரு பாட்டி. எட்டுப் பேரு, ஒரே மீட்டர். பாட்டி ரூம்ல நாள் முழுக்க காத்தாடி, வாஷிங் மிஷின் தினம் ரெண்டு தடவை. 700 யூனிட் போயிடும். அதே எட்டுப் பேரு ரெண்டு வீட்டுல பிரிஞ்சு ஆளுக்கு 350 எரிச்சா நல்ல கழிவும் கிடைக்கும், சேவை வரியும் வராது. மொத்தம் அதே 700 யூனிட்தான். பெரியவங்களைக் கூட வச்சுப் பார்த்துக்கிற குடும்பம் அபராதம் கட்டுது, தனியாப் போனவன் பரிசு வாங்குறான்.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். படிச்சது எஸ்பிஎம் வரைக்கும்தான். ஆனா எங்க கேண்டின்ல சாப்பாட்டுக் கூப்பன் எப்படிக் கொடுக்குறோம்னு எனக்குத் தெரியும். தலைக்கு ஒன்னு. மேசைக்கு ஒன்னுன்னு கொடுத்தா, எட்டுப் பேரு உட்கார்ந்த மேசையில அடிதடி நடக்கும். மின்சாரக் கழிவை மட்டும் மேசைக்கு ஒன்னுன்னு கொடுத்தா எப்படி?

மூணாவது, வரிச் சலுகை. பட்ஜெட் நாள்ல தொலைக்காட்சியில பெரிசா பேசுறாங்களே, அது. வருமான வரிக் கழிவு யாருக்கு உதவும்? வரி கட்டுறவனுக்கு. வீட்டுல மின்சாரக் கார் சார்ஜர் போட்டா 2,500 வெள்ளி வரைக்கும் கழிச்சுக்கலாம்னு சட்டம் இருக்கு. 25 விழுக்காடு வரி கட்டுற முதலாளிக்கு அதுல 625 வெள்ளி மிச்சம். 6 விழுக்காடு கட்டுறவருக்கு 150. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி வாங்குற என் லைன்ல நிக்கிற பொண்ணுக்கு? அவ வரியே கட்டுறதில்ல, அதனால கழிக்கவும் ஒன்னும் இல்ல. கார் சார்ஜர் எங்க, கேஸ் தோம்பு மாத்த சம்பள நாளுக்குக் காத்திருக்கிற அவ எங்க!

சரி, அரசாங்கத்தைத் திட்டியாச்சு. இனிமே நம்மளைத் திட்டப் போறேன். இதுதான் பல பேருக்குப் பிடிக்காது.

2025 ஆகஸ்ட் 31 அன்னிக்கு 18 வயசும் அதுக்கு மேலயும் ஆன எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்டுல 100 வெள்ளி போட்டாங்க. சாரா உதவி. 2 கோடியே 20 லட்சம் பேருக்கு. விண்ணப்பம் கிடையாது, வரிசை கிடையாது. இணைஞ்ச கடைக்கு ஐசியைக் கொண்டுபோனா அரிசி, முட்டை, மாவு, சோப்பு வாங்கலாம். அந்த வருஷம் டிசம்பர் 31 கடைசி நாளா இருந்துச்சு. அதுக்கு அப்புறம் அந்தக் காசு இல்ல.

தீபாவளி முடிஞ்ச வாரம் கோவில் வளாகம் கூட்டுற அக்கா என்கிட்ட வந்து, கேஸ் தீர்ந்துபோச்சு, 20 வெள்ளி கைமாத்தா கொடுன்னு கேட்டாங்க. கொடுத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து அவங்க ஐசியை வாங்கி என் மகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். 100 வெள்ளி அப்படியே இருந்துச்சு. ஒரு காசு எடுக்கல. சாரா காசுல கேஸ் வாங்க முடியாது, தெரியும். ஆனா அரிசியும் முட்டையும் அதுல வாங்கியிருந்தா 14 கிலோ தோம்புக்கான 26 வெள்ளி 60 காசு கையில இருந்திருக்கும், என்கிட்ட கை நீட்டியிருக்க வேண்டாம். ரெண்டு மாசமா முந்தானையில காசை முடிஞ்சு வச்சிக்கிட்டே கடன் கேட்டிருக்காங்க. யாரும் சொல்லல. வாட்ஸ்அப்ல ரெண்டு நாள் சண்டை போட்ட நம்மள்ல ஒருத்தர்கூட அந்த அக்காகிட்ட "உங்க கார்டைப் பார்த்தீங்களா"ன்னு கேட்கல. நானும் கேட்கல. வெட்கமா இருக்கு.

ஏழைகள் பட்டியலான இ-காசேயில பேர் இருக்குற மிக ஏழைக் குடும்பத்துக்கு மாசம் 40 வெள்ளி வரைக்கும் கரண்டு பில் கழிவு உண்டு. நம்ம கோவிலுக்கு வர்ற எத்தனை குடும்பம் அதுல பதிஞ்சிருக்கு? நிர்வாகத்துல யாருக்காவது தெரியுமா? யார் எந்த உபயத்துக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு மட்டும் பத்து வருஷக் கணக்கு பலகையில எழுதி வச்சிருக்கோம்.

திருக்கார்த்திகை வருது. போன வருஷம் வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் வளைவு லைட், வாடகை ஜெனரேட்டர், எல்லாம் போட்டோம். அழகா இருந்துச்சு, நானும்தான் போட்டோ எடுத்தேன். அந்த ஒரு ராத்திரிச் செலவுல பத்துக் குடும்பத்தோட ஒரு மாசக் கரண்டு பில்லைக் கட்டியிருக்கலாம். கார்த்திகைக்கு அகல் விளக்கு போதும் ஐயா. எண்ணெயும் திரியும் பக்தர்களே கொண்டு வருவாங்க. உபயகாரர்கள் கோவிச்சுக்குவாங்கன்னு நிர்வாகம் பயப்படுது. கேட்டுப் பாருங்களேன். "இந்த வருஷம் உங்க உபயம் பத்து வீட்டுல விளக்கு எரிய வைக்குது"ன்னு சொன்னா வேண்டாம்னு சொல்ற உபயகாரர் யாரு?

அதனால நான் முடிவு பண்ணிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமையில இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும், சாயந்திர பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல ஒரு மேசை போடுறோம். நானும் என் மகளும் இன்னும் ரெண்டு இளைஞர்களும் இருப்போம். ஐசியும் கடைசி கரண்டு பில்லும் கொண்டு வாங்க. கார்டுல காசு இருக்கா, எந்தக் கடையில வாங்கலாம், இ-காசேக்கு எங்க போய்ப் பதியணும், எல்லாம் பார்த்துச் சொல்றோம். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கிட்டு வாங்க. யாரோட ஐசியையும் நாங்க வாங்கி வச்சுக்க மாட்டோம், நம்பரைப் படம் எடுக்க மாட்டோம். வேற யாராவது கேட்டாலும் கொடுக்காதீங்க. நிர்வாகம் மேசை தரலன்னா செருப்பு வைக்கிற இடத்துல பாய் விரிச்சு உட்காருவோம்.

அரசாங்கத்துக்கிட்ட கேட்க வேண்டியது மூணுதான். இந்த நாட்டுலயே பொறந்து வளர்ந்த சிவப்பு ஐசிக்காரங்களுக்கும் 1.99 கொடுங்க, அவங்க குடியுரிமை விண்ணப்பத்தை உயிரோட இருக்கும்போதே முடிச்சுக் கொடுங்க. கரண்டுக் கழிவு போடும்போது வீட்டுல எத்தனை தலைன்னு பாருங்க. சார்ஜர் வாங்குறவனுக்கு விடுற வரியில ஒரு பங்கை, வரி கட்டவே வருமானம் இல்லாதவங்க கையில நேரா கொடுங்க.

இதை யார் போய்க் கேட்கிறது? திருவிழாவுக்கு நம்ம மக்கள் பிரதிநிதிங்க வருவாங்க. நாதஸ்வரம் வாசிச்சு, பரிவட்டம் கட்டி, பெரிய மாலை போடுவோம். இந்தத் தடவை மாலை போடுற கையில ஒரு மனுவும் இருக்கட்டும். கொடுக்கும்போது மறக்காம ஒன்னு சொல்லுங்க: "ஐயா, உங்க கழுத்துல இருக்கிற இந்த மாலையைக் கட்டினவருக்கு 1.99 கிடையாது."

முருகன் அருளால் எல்லாரும் நல்லா இருக்கணும்.

வெள்ளிக்கிழமை பார்ப்போம்.