முறைப்பாடு வேறு, தீர்ப்பு வேறு

கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் வீதி, தெல்தெனியப் பகுதியைக் கடந்து, ஹுன்னஸ்கிரியாவுக்கு அப்பால் பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற மலைச்சரிவில் இறங்குகிறது. இத்தகைய வீதியில் ஒரு வானை ஒரு கார் முந்திச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். "வளைவிலே முந்தினார், நான் ஒதுங்கியிராவிட்டால் பள்ளத்தில் விழுந்திருப்பேன்" என்பார் வான் சாரதி. "வளைவுக்கு முன்பே முந்திவிட்டேன்; வழிவிடாமல் நெருக்கியவர் அவரே" என்பார் கார்ச் சாரதி. இருவரும் பொய்யர் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஆசனத்திலிருந்து கண்டதையே சொல்கிறார்கள்.

சில நாட்கள் கழித்துக் கார்ச் சாரதிக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. வான் சாரதி வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு முறைப்பாடு செய்திருக்கிறார். சம்பவத்தை நேரில் கண்ட பொலிஸார் எவருமில்லை. இந்நிலையில் வீட்டிலே இருவகை யோசனைகள் எழும். "கேட்ட பணத்தைக் கட்டித் தொலைத்துவிடு" என்பது ஒன்று. "அந்த வான்காரன் யாரென்று தேடி, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வா" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியொன்று உண்டு. அதைப் பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

கவனயீனமாகவோ, வீதியில் செல்லும் பிறரைக் கருத்திற் கொள்ளாமலோ வாகனம் செலுத்துவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும். சிறு குற்றங்களுக்குப் பொலிஸார் தண்டப்பணச் சீட்டு எழுதுவதுண்டு. 14 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்தினால் விஷயம் அவ்வளவில் முடிந்துவிடும். ஆயினும், தாம் குற்றம் செய்யவில்லை என்று உண்மையாகவே நம்புகிறவர் அதைச் செலுத்தித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நீதவான் முன்னிலையில் தம் பக்கத்தை எடுத்துரைக்க அவருக்கு உரிமையுண்டு.

அங்கே அவருக்குத் துணை நிற்பவை எவை? குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை நிரபராதியாகவே கருதப்படவேண்டும் என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. கண்ணால் கண்ட செய்தியைக் கண்டவரே வந்து சொல்லவேண்டும் என்கிறது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். ஆகவே, "வான் சாரதி எம்மிடம் இப்படிச் சொன்னார்" என்று பொலிஸ் உத்தியோகத்தர் கூறுவது மட்டும் போதாது. வான் சாரதியே சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும். குறுக்குக் கேள்விகளுக்கு விடையளிக்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. "அவர் ஒருவர்தானே சாட்சி, வழக்கு நில்லாது" என்று இறுமாந்திருப்பவர் ஏமாந்துபோவார். ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று அதே சட்டம் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. நீதவான் நம்பத்தக்க சாட்சி ஒருவரே போதும்.

எனவே, அழைப்பு வந்த அன்றே நினைவிலுள்ளவற்றை எழுதி வைத்தல் நன்று. நாள், நேரம், இடம், வீதியின் நடுக்கோடு, எதிரே வந்த வாகனங்கள், உடன் பயணித்தோர் ஆகிய யாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் கமரா இருந்தால் அதன் பதிவை அழியாமல் காப்பாற்றுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், அதன் பொருளை ஒருவர் விளக்கக் கேட்டறியாமல் கையொப்பமிடாதீர்கள். நீதிமன்ற மொழி தெரியாதவர் தமிழிலேயே வழக்கில் பங்குகொள்ளவும், மொழிபெயர்ப்பு உதவி பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. இயன்றால் சட்டத்தரணி ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் முறைப்பாட்டாளரின் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். இவ்வளவும் எண்ணிப் பார்க்கையில் பிழை தம்முடையதே என்று தோன்றினால், அதை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைச் செலுத்துவதே கண்ணியம்.

ஒரு சிறு தண்டத்துக்காக இத்தனை பேச்சா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். தெல்தெனியவில் வாழ்வோர் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் அங்கே வீதியில் எழுந்த தகராறு ஒன்றில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். சந்தேகத்தின்பேரில் நால்வர் கைதாகியிருந்தனர். சட்டம் தன் கடமையைத் தொடங்கியிருந்தது. ஆயினும் தூண்டிவிடப்பட்ட கூட்டங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. மார்ச் 4ஆம் நாள் தொடங்கித் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில், அந்தத் தகராற்றோடு யாதொரு தொடர்புமில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனவில் எரிந்த வீடொன்றில் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

வீதியிலே கோபம் வராத சாரதி இல்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதே கேள்வி. நம் உதாரணத்து வான் சாரதி அதைக் கைமுட்டியில் வைக்காமல் முறைப்பாட்டுப் புத்தகத்தில் வைத்தார். அவர் சொன்னது தவறாகவே இருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்த வழி சரியானது. அதை மறுத்து நீதிமன்றம் செல்லும் கார்ச் சாரதியும் அதே வழியில்தான் நடக்கிறார். ஆகவே, பிள்ளைகளின் எதிரில் "நம்மீது வழக்குப் போட்டவன்" என்று அவரை ஏசாதிருப்போம். தீர்ப்பு எதுவாயினும், அதன் பின்னரும் இருவரும் ஓடவேண்டிய வீதி ஒன்றேயல்லவா?